500 டாலர் படமும் 105 பேர் அணியும்

கேள்வி:

வணக்கம் அம்மா. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வசிக்கிறோம். மகனுக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு. நான்கு வயதில் சென்னையிலிருந்து எங்களோடு வந்தவன். சாக்கர் ஆடிக்கொண்டிருந்தவனை ஒன்பதாம் வகுப்பில் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அழைத்துக்கொண்டார்கள். இப்போது அவன்தான் கிக்கர், பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பவன். இந்தப் பருவத்தில் 48 கஜம் வரை அடித்திருக்கிறான். இரண்டு கல்லூரிகள் பேசுகின்றன. ஒன்று டெக்சாஸில் உள்ள பெரிய கல்லூரி. உதவித்தொகை இல்லை, ஆனால் "அணிக்கு வரட்டும், என்.ஐ.எல். வழியாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார் துணைப் பயிற்சியாளர். வீரன் தன் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிப்பதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். மற்றது வெளிமாநிலத்தில் உள்ள சிறிய கல்லூரி. செலவில் பாதியை ஏற்கிறது. மிசௌரி போன்ற மாநிலங்களில் சட்டம் தாராளமாக இருப்பதால் அங்கே முயலுங்கள் என்கிறார் ஒரு நண்பர். ஒரு முகவர் 20 விழுக்காடு கமிஷன் கேட்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊர் தோசைக் கடைக்காரர் மகனின் படத்தைக் கடையில் மாட்டிக்கொள்ள 500 டாலர் தருவதாகச் சொல்கிறார். கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். எதில் கையெழுத்துப் போடலாம், எதில் போடக் கூடாது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் நீங்கள் எழுதியிருக்கும் 500 டாலரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களிடம் இப்போது உண்மையாக இருக்கும் பணம் அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் பேச்சு. அந்த 500 டாலரை வாங்காதீர்கள்.

முதல் காரணம் பள்ளி. டெக்சாஸில் அரசுப் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பு, ஒரு மாணவன் தன் விளையாட்டை வைத்துப் பணமோ பொருளோ பெறுவதைத் தடுக்கிறது. கலிஃபோர்னியா உள்பட மிகப் பல மாநிலங்கள் பள்ளி மாணவர்களுக்கே இந்த வாசலைத் திறந்துவிட்டன, டெக்சாஸ் திறக்கவில்லை. கடைக்காரர் பணம் கொடுப்பது உங்கள் மகனின் முக அழகுக்காக அல்ல, வெள்ளிக்கிழமை இரவுப் பள்ளி ஆட்டத்தில் அவன் அடிக்கும் உதைக்காகத்தான். மீதமுள்ள ஆட்டங்களில் அவன் ஆட முடியாமல் போனால் அவனை மட்டுமல்ல, அணியையும் அது பாதிக்கும்.

இரண்டாவது காரணத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். கணவர் எச்-1பி என்றால் மகன் எச்-4, அதாவது அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கான விசா. எச்-4 விசாவில் உள்ள பிள்ளைக்கு இந்த நாட்டில் வேலை செய்யும் அனுமதி கிடையாது. விளம்பர வருமானம் பற்றிய சட்டங்கள் மாநிலங்கள் இயற்றியவை. விசா மத்திய அரசின் கையில் இருக்கிறது. டெக்சாஸ், மிசௌரி, டென்னசி சட்டமன்றங்கள் எத்தனை தாராளமாக எழுதினாலும் உங்கள் மகனின் விசாவில் ஒரு எழுத்தும் மாறாது. 21 வயதானதும் அவன் எச்-4 நிலையை இழப்பான். அநேகமாக எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவான். அங்கேயும் வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி வேலை செய்யக் கூடாது. சமூக ஊடகத்தில் விளம்பரம் போடுவது, கடைத் திறப்பு விழாவில் போய் நிற்பது, கையெழுத்துப் போட்டு விற்பது எல்லாம் வேலை என்றே பார்க்கப்பட வாய்ப்பு அதிகம். சுவரில் படம் மாட்ட விடுவது வேலையா, வெறும் உரிமத் தொகையா என்று குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் வாதாடிப் பார்க்கலாம்தான். அந்த வாதத்தை 500 டாலருக்காக உங்கள் மகனை வைத்து நடத்திப் பார்க்க வேண்டாம். அனுமதியின்றி வேலை செய்ததாகப் பதிவானால் அது அவன் விசாவையும், நாளைய கிரீன் கார்டு விண்ணப்பத்தையும் தொடும்.

கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து நட்சத்திரம் ஆஸ்கர் ஷிப்வே காங்கோ நாட்டவர், மாணவர் விசாவில் இருந்தவர். 2022 கோடையில் அணி பஹாமாஸ் தீவுக்குப் போனபோதுதான் அவருடைய விளம்பர வேலைகளை அங்கே வைத்து முடித்தார்கள். அமெரிக்க மண்ணில் செய்தால் விசா சிக்கல் என்பதால் கடல் தாண்டிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த அளவு நட்சத்திரத்துக்கு அது கட்டுப்படியாகும். உங்களுக்கு வேண்டியது குடியேற்றச் சட்டம் மட்டுமே பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம். நான் ஒப்பந்தம் படிப்பவள்; இந்த ஒரு விஷயத்தில் என் சொல்லைக் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை மட்டும் நிம்மதியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: விளையாட்டு உதவித்தொகை வேலையாகாது. எச்-4, எஃப்-1 எதில் இருந்தாலும் அதைப் பெறலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

மிசௌரி பற்றி உங்கள் நண்பர் சொன்னது தவறல்ல. ஏன் அப்படி ஆனது என்பதைச் சொல்கிறேன்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. பல பத்தாண்டுகளாக வீரனுக்குப் படிப்பைத் தவிர ஒரு காசு போகக் கூடாது என்று காவல் காத்தது. 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா முதல் சட்டத்தை இயற்றி, வீரன் தன் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றது. உடனே மற்ற மாநிலங்களுக்கு ஒரு பயம் பிடித்தது: நல்ல பையன்கள் எல்லோரும் அங்கே போய்விட்டால்? சட்டமன்ற உறுப்பினர்களும் சனிக்கிழமை தோறும் மைதானத்தில் உட்காரும் ரசிகர்கள்தானே. ஃபுளோரிடா, டெக்சாஸ், அலபாமா, ஜார்ஜியா என்று வரிசையாகச் சட்டம் வந்தது. பல சட்டங்கள் 2021 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பத்து நாள் முன்பு உச்ச நீதிமன்றம், வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. காவலாளி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் வேடிக்கை. 2022 பிப்ரவரியில் அலபாமா தன் சட்டத்தைத் தானே ரத்து செய்தது. சட்டமே இல்லாத மாநிலங்களைவிடத் தங்கள் சட்டம் தங்கள் கல்லூரிகளைத்தான் அதிகம் கட்டிப்போடுகிறது என்பது அவர்களுக்குத் தாமதமாகப் புரிந்தது. 2023 தொடக்கத்தில் ஃபுளோரிடாவும் தன் சட்டத்தைத் தளர்த்தி, வீரனுக்கு வாய்ப்புப் பிடித்துத் தருவதில் கல்லூரியே உதவலாம் என்றது. வீரனின் உரிமைக்காக எழுதிய சட்டம் என்று சொன்னார்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் படித்துப் பாருங்கள், பக்கத்து மாநிலத்திடம் ஆள் பறிகொடுக்காமல் இருப்பதற்காக எழுதியது தெரியும்.

உங்கள் மாநிலத்திலேயே நடந்ததைப் பாருங்கள். டல்லாஸ் அருகே சவுத்லேக்கில் படித்த க்வின் யூயர்ஸ், நாட்டின் முதல் வரிசை குவார்ட்டர்பேக் (அணியின் ஆட்டத்தை நடத்தும் வீரர்) என்று பேசப்பட்ட பையன். பள்ளி மாணவன் பணம் பெற டெக்சாஸ் அனுமதிக்காததால், 2021இல் பன்னிரண்டாம் வகுப்பையே விட்டுவிட்டு ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முன்னதாகச் சேர்ந்தார். அங்கே 14 லட்சம் டாலர் மதிப்பில் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. சில மாதங்களிலேயே ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். பையன் எங்கே, எப்போது சேர்வது என்பதை ஒரு மாநிலச் சட்டத்தின் ஒரு வாக்கியம் தீர்மானித்தது.

இந்தப் பாடத்தைப் படித்த மாநிலம் மிசௌரி. 2023இல் அது தன் சட்டத்தைத் திருத்தி, உள்ளூர்ப் பள்ளி மாணவன் உள்ளூர்க் கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டால் பள்ளியில் இருக்கும்போதே சம்பாதிக்கத் தொடங்கலாம் என்றது. சலுகை உள்ளூர்ப் பிள்ளைக்கு, அதுவும் உள்ளூர்க் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால். நல்ல பையன்கள் எல்லை தாண்டாமல் இருக்கப் போட்ட வேலி அது. கேட்டியில் இருக்கும் பையனுக்காகப் போட்ட பாதை அல்ல. நண்பர் இதைக் கவனிக்கவில்லை.

டென்னசி வேறு வழியில் போனது. டென்னசி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நிக்கோ யமலியாவா என்ற கலிஃபோர்னியப் பையனுக்கு 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்து, என்.சி.ஏ.ஏ. விசாரணை தொடங்கியதும், 2024 ஜனவரியில் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு மாதத்துக்குள் இடைக்காலத் தடை கிடைத்தது: சேரும் முன்பே பணம் பற்றிப் பேசுவதைத் தடுக்கும் விதியை என்.சி.ஏ.ஏ. அமல்படுத்தக் கூடாது. உங்கள் துணைப் பயிற்சியாளர் இன்று வெளிப்படையாகப் பணம் பற்றிப் பேசுகிறார் என்றால் அதன் பின்னால் இருப்பது இந்தத் தடை. அதற்கு முன்பும் பேசினார்கள். ஆனால் கார் நிறுத்துமிடத்தில் பேசினார்கள்.

டல்லாஸில் உள்ள எஸ்.எம்.யூ. பல்கலைக்கழகம் வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததற்காக 1987இல் அந்த ஆண்டுக் கால்பந்துப் பருவத்தையே இழந்தது. மரண தண்டனை என்றே அதை அழைத்தார்கள். அதே எஸ்.எம்.யூ. 2024இல் பெரிய லீக் ஒன்றில் சேர ஒன்பது ஆண்டுத் தொலைக்காட்சி வருமானத்தை விட்டுக்கொடுத்தது. பணக்கார ஆதரவாளர்கள் ஈடுகட்டுவார்கள் என்ற தைரியம். அந்த ஆண்டே தேசியப் பட்டச் சுற்றிலும் ஆடியது. குற்றம் அப்படியே இருக்கிறது; இப்போது அதற்கு ரசீது கிடைக்கிறது. இதை நான் கசப்போடு சொல்லவில்லை. அன்று அந்தப் பணத்துக்காகத் தண்டிக்கப்பட்ட பையன்களை நினைத்துச் சொல்கிறேன்.

இனி உங்கள் மகனுக்கு உண்மையில் முக்கியமான சட்ட மாற்றம். அதற்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்றார். பழைய வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் என்பது செய்தித்தாள் தலைப்பு. நமக்கு வேண்டியது அதன் மறுபாதி. 2025 ஜூலை 1 முதல், சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். அதற்கு ஈடாகக் கால்பந்து அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு 85 பேருக்கு உதவித்தொகை உண்டு. அதற்கு மேல் சொந்தச் செலவில் சேரும் பையன்கள், வாக்-ஆன் என்பார்கள், எத்தனை பேரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 120 பேரைத் தாண்டிய அணிகள் உண்டு. கிக்கர்களில் மிகப் பலர் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். இரண்டு ஆண்டு பயிற்சி மட்டும் செய்து, மூன்றாம் ஆண்டில் முன்னால் இருப்பவனுக்குக் காயம் பட்டு, ஒரே இரவில் பெயர் எடுத்த பையன்கள். அந்தத் திண்ணை இப்போது இடிக்கப்பட்டுவிட்டது.

இப்போது 105 பேருக்கும் உதவித்தொகை தரலாமே என்று கேட்பீர்கள். தரலாம். ஆனால் பழைய எண்ணிக்கைக்கு மேல் தரும் உதவித்தொகைகள், 25 லட்சம் டாலர் வரை, அதே உச்சவரம்பில் கழிக்கப்படும். அதாவது உங்கள் மகனுக்குத் தரும் உதவித்தொகை குவார்ட்டர்பேக்குக்கு ஒதுக்கிய பணத்தைக் குறைக்கும். பயிற்சியாளர் யாரைக் கைவிடுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பும் வீரன் தன் பெயரைப் பதிவு செய்யும் பட்டியல் அது. 2018இல் தொடங்கியது. மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற பழைய விதி 2021இல் தளர்ந்து, 2024இல் படிப்புத் தகுதி இருந்தால் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. பயிற்சியாளர் இடத்தில் நின்று பாருங்கள். இரண்டு ஆண்டு கல்லூரி மைதானத்தில், எண்பதாயிரம் பேர் கத்தும்போது அடித்துக் காட்டிய 21 வயதுக் கிக்கர் ஒருவன் அந்தப் பட்டியலில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு 48 கஜம் அடித்த 17 வயதுப் பையன் ஒருவன் கேட்டியில் இருக்கிறான். ஒரு இடம்தான் இருக்கிறது. நட்சத்திரங்களுக்கு இந்தச் சட்டங்கள் கதவைத் திறந்தன. உங்கள் மகனைப் போன்றவர்களிடமிருந்து, கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே "என்.ஐ.எல். வழியாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் எழுவாய் யார்? பார்த்துக்கொள்ளப்போவது கல்லூரியா, ஆதரவாளர்கள் சேர்ந்து நடத்தும் கலெக்டிவ் எனப்படும் நிதியமா, வெளி நிறுவனமா? வாக்கியத்தில் எழுவாய் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் பிரதிவாதியும் இருக்க மாட்டார்.

ஜேடன் ரஷாடா என்ற குவார்ட்டர்பேக்குக்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆதரவாளர் நிதியம் 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஒப்பந்தம் எழுதியது. எழுத்தில் இருந்தும் பணம் வரவில்லை, ஒப்பந்தம் ரத்தானது, பையன் வேறு கல்லூரிக்குப் போனார், 2024இல் வழக்குத் தொடர்ந்தார். அவரைப் பிடிக்க விரும்பிய பயிற்சியாளரையும் பிரதிவாதியாகச் சேர்த்திருந்தார். லாஸ் வேகஸில் மேத்யூ ஸ்லூகா கதை இன்னும் எளிது. 2024 செப்டம்பரில் அவர் அணி ஆடிய மூன்று ஆட்டத்திலும் வென்றிருந்தது. வாய்வார்த்தையாகச் சொன்ன 1 லட்சம் டாலர் வரவில்லை என்று பருவத்தின் நடுவிலேயே விலகினார். அப்படி எதுவும் முறையாக ஒப்புக்கொள்ளவில்லை என்றது கல்லூரித் தரப்பு. இவர்கள் இருவரும் அணியை முன்னால் நின்று நடத்தும் குவார்ட்டர்பேக்குகள். அவர்கள் நிலையே இது.

எல்லா நிதியமும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக ஆதரவாளர்கள் நடத்திய மேட்டடார் கிளப், 2022இல் உதவித்தொகை வீரர்களோடு வாக்-ஆன்கள் இருபது பேரையும் சேர்த்து ஆளுக்கு 25,000 டாலர் என்று அறிவித்தது. உட்டாவில் 2021இல் ஒரு சத்து உணவு நிறுவனம் பி.ஒய்.யூ. பல்கலைக்கழக அணியின் வாக்-ஆன்களின் கல்விக் கட்டணத்தையே ஏற்றது. ஆனால் இன்று 600 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள எந்த வெளி ஒப்பந்தத்தையும் என்.ஐ.எல். கோ என்ற தளத்தில் பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். ஆதரவாளர் நிதியம் தரும் பணம் என்றால் உண்மையான வணிகக் காரணம் உண்டா, தொகை நியாயமானதா என்று சோதிக்கிறார்கள். "பார்த்துக்கொள்கிறோம்" என்பவர் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் பார்த்துக்கொள்ள முடியும். உங்கள் மகன் விஷயத்தில் விசா என்ற முதல் சோதனையையும் தாண்ட வேண்டும். அவன் எச்-4 என்று அந்தத் துணைப் பயிற்சியாளருக்குத் தெரியுமா? கேளுங்கள். தெரியாது என்றால் அவர் கொடுத்த வாக்குறுதி அவரால் நிறைவேற்ற முடியாத ஒன்று. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவர் யோசிக்கவில்லை.

முகவர் ஒப்பந்தம். அனுப்பியிருக்கும் மூன்று பக்கத்தையும் படித்தேன். கையெழுத்துப் போடாதீர்கள்.

20 விழுக்காடு என்பதைவிட எனக்கு உறுத்தியது எதன் 20 விழுக்காடு என்பது. "விளையாட்டுத் திறமையால் எக்காலத்திலும் ஈட்டும் அனைத்து வருமானமும்" என்று எழுதியிருக்கிறார்கள். என்.எஃப்.எல். தொழில்முறை லீக்கில் ஆட்ட ஒப்பந்தத்துக்கு முகவர் எடுக்கக்கூடிய உச்சமே 3 விழுக்காடுதான். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர் 2022இல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடமிருந்து 4,36,485 டாலர் பெற்றார். பதிலுக்குத் தன் என்.எஃப்.எல். வருமானத்தில் 15 விழுக்காட்டை 25 ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு, மாநிலச் சட்டப்படி இந்த ஒப்பந்தமே செல்லாது என்று வழக்குப் போட வேண்டியதாயிற்று. நம் ஊரில் நிலத்தை ஒத்திக்கு வைப்பவரும் மீட்கும் தேதியைக் கேட்டுத்தான் வைப்பார். உங்கள் மகனுக்கு முன்பணம்கூடக் கிடையாது. வெறும் கையெழுத்துக்கே "எக்காலமும்" கேட்கிறார்கள்.

இன்னொன்று. மகன் 17 வயது என்பதால் அவன் கையெழுத்தை மட்டும் வைத்து அவனைக் கட்டிப்போட முடியாது. வயது வந்ததும் மறுக்கலாம். அது முகவருக்கும் தெரியும். மூன்றாம் பக்கத்தில் பெற்றோர் "உத்தரவாதம் அளிப்பவராக" கையெழுத்திட இடம் விட்டிருப்பது அதனால்தான். அந்தக் கோடு மகனுக்காக அல்ல, உங்கள் வீட்டுக்காகப் போட்டது.

கல்லூரியே பணம் தரும் ஒப்பந்தம் எப்போதாவது வந்தால் தொகையைப் பிறகு பாருங்கள். முதலில் நடுவில் விலகினால் என்ன என்ற பிரிவைத் தேடுங்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கம், மிசௌரிக்கு மாறிப்போன டேமன் வில்சன் என்ற தன் முன்னாள் வீரரிடம் 3,90,000 டாலர் கேட்டு வழக்குத் தொடுத்திருக்கிறது. மாறுவது வீரனின் சுதந்திரம் என்று நீதிமன்றங்கள் சொன்னதும், அந்தச் சுதந்திரத்துக்கு ஒப்பந்தத்தில் விலை எழுதத் தொடங்கிவிட்டார்கள். வரி பற்றி இப்போது கவலைப்பட எதுவும் இல்லை. வருமானம் வரும் நாளில் அதில் ஒரு பங்கை எடுத்துவைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பையன்கள் வரி கட்டும் முதல் ஏப்ரலில்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

டெக்சாஸ் சட்டமும் 2025இல் திருத்தப்பட்டது. 17 வயது ஆனவர்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆனால் கல்லூரியில் சேரும் வரை பணம் கைக்கு வரக் கூடாது. இதைக் காட்டி யாராவது "சட்டம் அனுமதிக்கிறதே" என்று அவசரப்படுத்தினால், விசா வாசலைக் காட்டுங்கள்.

அப்படியானால் எந்தக் கல்லூரி? மாநிலச் சட்டத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தச் சட்டங்கள் உங்கள் மகன் பட்டம் வாங்கும் முன் இன்னும் இரண்டு முறை மாறும். பெரிய கல்லூரித் துணைப் பயிற்சியாளரிடம் மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். 105 பேரில் அடுத்த ஆகஸ்டில் எத்தனை கிக்கர்கள் இருப்பார்கள்? அவர்களில் எவருக்காவது உதவித்தொகை உண்டா? ஜனவரியில் போர்ட்டலிலிருந்து ஒரு கிக்கரை எடுத்தால் என் மகனின் இடம் என்ன ஆகும்? எழுத்தில் பதில் வந்தால் நல்லது. மூன்றாவது கேள்விக்கு மட்டும் தொலைபேசியில் அழைத்தால் அதுவே பதில்.

சிறிய கல்லூரி பாதிச் செலவை ஏற்கிறது என்றீர்கள். விசாவின் கண்ணில் அந்தப் பாதி சுத்தமான பணம். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா, காயம் பட்டாலும் தொடருமா என்பதை எழுதி வாங்குங்கள். மகனின் மதிப்பெண் பட்டியலையும் இணைத்திருந்தீர்கள். இதை வைத்துக்கொண்டு ஐவி லீக் பக்கம் ஏன் எட்டிப் பார்க்கவில்லை? ஹார்வர்ட் என்றதும் ஊரில் தாத்தா இனிப்பு வழங்கத் தொடங்கிவிடுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த லீக் ஹவுஸ் சமரசத்தில் சேரவில்லை. 105 என்ற கத்தி அங்கே இல்லை. விளையாட்டு உதவித்தொகையும் அங்கே கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள்; ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்றவை வெளிநாட்டு மாணவர்களுக்கும் அப்படியே. எச்-4 பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது என்பதால் இது சின்ன விஷயமில்லை. 2025 முதல் அந்த அணிகள் தங்கள் பிரிவின் தேசியப் பட்டச் சுற்றிலும் ஆடுகின்றன. கிக்கருக்கு வேறென்ன வேண்டும், ஒரு பந்தும் இரண்டு கம்பமும்தானே. வீரர்கள் கல்லூரிக்குக் கையெழுத்திடும் முதல் நாள் டிசம்பரின் முதல் புதன்கிழமை. அது பெரிய கல்லூரிகளின் அவசரம், உங்களுடையது அல்ல.

தோசைக் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள், அவர் அன்பில் கேட்டிருக்கிறார். கிரீன் கார்டு வந்து, பள்ளியும் முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள், அப்போது அந்த ஒப்பந்தத்தை நானே கட்டணமின்றி எழுதித் தருகிறேன். அதுவரை ஒரு எச்சரிக்கை: யூ.ஐ.எல். விதியில் "மதிப்புள்ள பொருள்" என்பதற்கான விளக்கத்தில் உண்ணக்கூடியதும் சேரும். வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து பையன் அந்தக் கடைக்குப் போனால், "நம்ம கிக்கர்" என்று அவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், தோசைக்குக் காசு கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.